ஈரடிப்பா, நாலடிப்பா? பனியூர்தியும் அதன் எஞ்சினும்

1934ஆம் ஆண்டின் மாரிகாலம். கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வல்கூர் என்னும் சிற்றூரில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று குடல்வால் அழற்சியால் துன்புற்றுக் கிடந்தது. சத்திர வைத்தியம் செய்யத்தக்க வைத்தியசாலை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், ஷெர்புறூக் நகரில் இருந்தது. தெருக்களோ வெண்பனியால் மூடுண்டு கிடந்தன. மோட்டார் வண்டி எதுவும் செல்ல வழியில்லை. குழந்தையின் தந்தை மோட்டார்த் தொழிலிற் கைதேர்ந்தவர். பனிமீது ஓடத்தக்க ஊர்தி ஒன்றை அமைத்துவிடவேண்டும் என்று பல ஆண்டுகளாக முயன்று வந்தவர். ஆயினும் அன்று அவர் பட்டறையில் ஓடத்தக்க நிலையில் எந்த ஊர்தியும் இருக்கவில்லை. குழந்தை இறந்தது.

அத்தந்தையின் பெயர் ஜோசப் ஆர்மன் பொம்பார்டியே. பனியூர்தியின் வரலாற்றில் அவர் பெயர் முதன்மையாக வைத்து எண்ணப்படுவது. ஸ்னோமொபைல் என்று வழங்கும் இவ்வூர்தியைச் செல்வர்களின் மாரிகால விளையாட்டுப் பொருள் என்று கருதுவோர் உளர். விளையாட்டுக்கும் அது பயன்படுகின்றது என்பது மெய்யே. ஆனால் அது உருவானதன் பின்னணியில் வைத்தியசாலைக்குப் போய்ச் சேரமுடியாத ஒரு குடும்பத்தின் துயரமும் இருந்தது. ஆதலால் ஈரடிப்பு எஞ்சின் சிறந்ததா, நாலடிப்பு எஞ்சின் சிறந்ததா என்று இன்று நடைபெறும் வாதத்தையும் அந்நிகழ்ச்சியின் வெளிச்சத்தில் நோக்குதல் பொருந்தும். புறப்பட்டவர் போய்ச் சேர்வாரா, போனவர் திரும்பி வருவாரா என்பதே இங்கு முதற் கேள்வி. எடையும் செலவும் அதன்பின் வருவன; எனினும் அவையும் அம்முதற் கேள்வியோடு பின்னிப் பிணைந்தவையே.

வெண்பனியைக் கண்ணாற் காணாத நேயர்க்கு அதன் இயல்பைச் சிறிது சொல்லல் வேண்டும். புதிதாய்ப் பெய்த ஆழ்ந்த பனி தரையும் அன்று, நீரும் அன்று. காலை வைத்தால் தொடைவரை புதையும். சில்லை வைத்தால் அது நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டும். ஆகவே பனிமேல் ஓடும் ஊர்தி தன் பாரத்தைப் பரந்த இடத்திற் பகிர்ந்துவிடவேண்டும். பொம்பார்டியே 1937ஆம் ஆண்டில் தம் பற்சில்லு, சங்கிலிப்பட்டி அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் எழுவர் ஏறிச் செல்லும் பெரிய ஊர்தி எழுந்தது. 1942இற் பன்னிருவர் செல்லும் ஊர்தி வந்தது. வைத்தியர்களும், தபாற்காரரும், பாடசாலைப் பிள்ளைகளும் அவற்றிற் சென்றனர். ஆனால் ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லும் சிறிய ஊர்தியே அவர் ஆதிமுதல் கண்ட கனவு. அதற்கு வேண்டியது சிறிய, பாரங் குறைந்த எஞ்சின். அது கிடைக்க 20 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1959ஆம் ஆண்டில் அவருடைய ஸ்கீ-டூ விற்பனைக்கு வந்தது. முன்னே சறுக்குக் கட்டைகள் இரண்டு. பின்னே முடிவின்றிச் சுழலும் அகன்ற றப்பர்ப் பட்டி. நடுவே மோட்டார் சைக்கிளின் இருக்கை போன்றதோர் இருக்கை. இன்றுவரை மாறாதிருக்கும் வடிவம் இதுவே. இவ்விடத்தில் நேயர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த முதல் ஸ்கீ-டூவிற் பூட்டப்பெற்றது 7 குதிரைவலுவுள்ள கோலர் நாலடிப்பு எஞ்சின். அப்படியாயின், இக்காலத்தவர் புதுமை என்று போற்றும் நாலடிப்பு உண்மையில் பழைமையே அன்றோ? தொடக்கத்தில் இருந்த அது, சில ஆண்டுகளுள் ஈரடிப்புக்கு இடம்விட்டு விலகியது. நெடுங்காலத்தின் பின் மீண்டும் வந்தது. அது ஏன் போயிற்று, ஏன் திரும்பி வந்தது என்று அறிந்தால், இரண்டின் குணமும் குற்றமும் தாமே விளங்கும்.

எஞ்சினுள் நிகழ்வது இதுதான். உருளை எனப்படும் குழாயினுள் முசலம் எனப்படும் பிஸ்ரன் மேலும் கீழும் ஆடுகின்றது. அதன் ஓர் ஆட்டமே ஓர் அடிப்பு. நாலடிப்பு எஞ்சினில் முதல் அடிப்பு காற்றையும் பெற்றோலையும் உள்ளிழுக்கும். இரண்டாவது அதனை நெருக்கும். தீப்பொறி பற்றியதும் மூன்றாவது அடிப்பு வலுவைத் தரும். நான்காவது எரிந்த புகையை வெளியேற்றும். சுழல்தண்டு இருமுறை சுற்றினால் ஒருமுறையே தீப்பற்றும். ஈரடிப்பு எஞ்சினிலோ இந்நான்கு வேலைகளும் இரண்டு அடிப்புக்குள் முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தீப்பற்றுகின்றது. நாலடிப்புக்கு வாயில்களைத் திறந்து மூடும் வால்வுகளும், அவற்றை இயக்கும் தண்டும், சங்கிலியும், எண்ணெய்த் தொட்டியும், எண்ணெயைச் சுற்றியனுப்பும் பம்பியும் வேண்டும். ஈரடிப்பில் உருளையின் சுவரிலுள்ள துவாரங்களே வாயில்கள். முசலமே அவற்றைத் திறந்து மூடுகின்றது. எண்ணெய்த் தொட்டிக்கும் வேலையில்லை. எண்ணெய் பெற்றோலோடு சென்று, உறுப்புக்களை வழுவழுப்பாக்கிவிட்டு எரிந்து போகின்றது. இலங்கையின் தெருக்களில் ஓடிய பழைய முச்சக்கர வண்டிகளின் நீலப் புகையை நினைவில் வைத்திருப்போர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வமைப்பிலிருந்தே எடை வேற்றுமை பிறக்கின்றது. உறுப்புக்கள் குறைவு, சுற்றுக்கொரு முறை தீ. ஆகவே ஈரடிப்பு எஞ்சின் சிறிதாயிருந்தே பெரிய வலுவைத் தரும். 1960களின் பனியூர்தித் தொழிலுக்கு இது வரப்பிரசாதமாயிற்று. அவுஸ்திரியாவின் றொட்டாக்ஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த ஈரடிப்பு எஞ்சின்கள் ஸ்கீ-டூவில் இடம்பிடித்தன. ஏனைய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

அக்காலத்து ஈரடிப்பின் ஆற்றலுக்குச் சான்று தேடின், 1968ஆம் ஆண்டைக் காட்டலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த காப்புறுதி வர்த்தகர் றல்ஃப் பிளெய்ஸ்ரெட் என்பவர், தம் தோழர் மூவருடன் அவ்வாண்டு ஏப்ரல் 19ஆம் நாள் வடதுருவத்தை அடைந்தார். அவர்கள் சென்றது 16 குதிரைவலுவே கொண்ட, ஒற்றை உருளை ஈரடிப்புப் பனியூர்திகளில். முந்திய ஆண்டு அவர் செய்த முயற்சி தோல்வியுற்றது. இரண்டாம் முறை 40 நாள்களுக்கு மேலாகப் பனிக்கட்டி மலைகளையும் வெடிப்புக்களையும் கடந்து சென்றனர். அந்நால்வருள் ஒருவர் பொம்பார்டியேயின் உறவினரான ஜோன்-லுக் பொம்பார்டியே. அத்தகைய பயணத்தில் ஊர்தி பாரமாயிருந்தால், பனிக்கட்டி மேடுகளில் மனிதர் அதைத் தூக்கி ஏற்றமுடியாது. பழுதுற்றால், உறைகுளிரிற் கையுறை கழற்றிய விரல்களாலேயே செப்பனிட வேண்டும். பாரம் குறைந்ததாகவும் அமைப்பில் எளியதாகவும் இருந்த எஞ்சின் இவ்விரண்டுக்கும் ஈடு கொடுத்தது.

எடை என்பது கடதாசியில் எழுதும் எண் மாத்திரம் அன்று. இன்றைய ஊர்திகளில் ஒரே சட்டகத்தில் ஈரடிப்பையும் நாலடிப்பையும் பூட்டி விற்கின்றனர். அவற்றை ஒப்பிட்டால், நாலடிப்பு ஏறத்தாழ 15 முதல் 30 கிலோகிராம் வரை கனக்கக் காணலாம். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட ஊர்தியில் இது சிறு பங்கே என்று தோன்றும். செப்பனிட்ட பாதையில் ஓடும்போது அப்படித்தான். ஆனால் இவ்வேற்றுமையின் பெரும்பகுதி ஊர்தியின் முன்புறத்தில் அமைகின்றது. ஆழ்ந்த பனியில் மூக்குப் புதைந்து, துணைக்கு எவருமின்றி ஒருவர் அதனை இழுத்துத் திருப்பும்போது அந்த 30 கிலோவின் உண்மைப் பாரம் தெரியவரும். மலைச்சரிவிலும், ஏரியின் மேற்பனிக்கடியில் நீர் ஊறிச் சகதியாய் நிற்கும் இடத்திலும் இவ்வாறே. 1971 முதல் 1996 வரை விற்பனையில் இருந்த எலான் என்னும் சிறிய ஸ்கீ-டூவை வடபுலத்து வேட்டைக்காரரும் பொறிவைப்போரும் விரும்பியதற்குக் காரணம் அதன் வேகமன்று. புதைந்தால் தம் தோள்வலியாலேயே மீட்டெடுக்கலாம் என்னும் நம்பிக்கையே அது.

இத்தனை நன்மையிருந்தும் ஈரடிப்புக்கு நெருக்கடி வந்தது அதன் புகையால். எரிந்த புகை வெளியேறும் வாயிலும் புதிய கலவை நுழையும் வாயிலும் ஒரே வேளையில் திறந்திருப்பதனால், பழைய ஈரடிப்பு எஞ்சினில் பெற்றோலின் ஒரு பங்கு எரியாமலே வெளியே போய்விடும். எண்ணெய்ப் புகையும் அதனோடு சேரும். இதன் விளைவு ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவில் வெளிப்படையாயிற்று. 1990களில் மாரிகாலந்தோறும் பல்லாயிரக்கணக்கான பனியூர்திகள் அங்கே நுழைந்தன. மேற்கு வாயிலில் நுழைவுச்சீட்டு வழங்கிய காவலர்களின் சிற்றறைகளுக்குள் தூய காற்றைக் குழாய் வழியே செலுத்தவேண்டியதாயிற்று. 2002ஆம் ஆண்டிற் சில காவலர்கள் சுவாசக் கவசம் அணிந்து வேலை செய்தனர். உலகின் முதல் தேசியப் பூங்காவிற் காற்றுக்காகக் கவசம் அணியும் நிலை வந்தது அந்நாட்டு மக்களின் மனத்தைத் தைத்தது.

வழக்குகளும் வாதங்களும் நீண்டன. ஈற்றில், 2004-05 மாரிகாலத்திலிருந்து நாளொன்றுக்கு 720 ஊர்திகள் என வரம்பு வைக்கப்பட்டது. வழிகாட்டியுடன் செல்லவேண்டும் என்றும், புகையும் ஓசையும் குறித்த அளவுக்கு மேற்படலாகாது என்றும் விதி பிறந்தது. அந்நாட்டின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகமும் 2002இல் பனியூர்திகளின் புகைக்கு எல்லை வகுத்து, 2006ஆம் ஆண்டு மாதிரி ஊர்திகளிலிருந்து அதனை நடைமுறைப்படுத்தியது. இச்சூழலிலேயே நாலடிப்பு மீண்டும் தலையெடுத்தது. 2002இல் யமாஹா நிறுவனம் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வழிவந்த, நான்கு உருளைகள் கொண்ட நாலடிப்புப் பனியூர்தியை அறிமுகஞ் செய்தது. புகை குறைந்தது, ஓசை தணிந்தது, பெற்றோற் செலவும் இறங்கியது. ஏறியது எடை மட்டுமே.

ஈரடிப்பு அதனோடு ஒழிந்துவிடவில்லை. பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்பாமல், வாயில்கள் மூடும் தறுவாயில் உருளைக்குள்ளேயே நேராகப் பீச்சும் முறை வந்தது. 2009ஆம் ஆண்டு மாதிரி ஸ்கீ-டூவில் இம்முறை இடம்பெற்றது. எரியாமல் ஓடிப்போகும் பெற்றோல் பெரிதும் குறைந்தது. எண்ணெயும் அளந்தே செலவாயிற்று. ஆகவே இன்று ஒப்பிடவேண்டியது புகை கக்கிய பழைய ஈரடிப்பையும் புதிய நாலடிப்பையும் அன்று. திருந்திய ஈரடிப்பையும் திருந்திய நாலடிப்பையுமே. இதனை மறந்து பேசுவோர் பலர். அவர்கள் பேச்சு தம் தந்தையரின் ஊர்தியைப் பற்றியதேயன்றி இன்றைய ஊர்தியைப் பற்றியதன்று.

இனி நம்பகம். நீண்ட காலம் தேயாதிருத்தல் என்பதே நம்பகமாயின், வெற்றி நாலடிப்புக்கே. அதன் உறுப்புக்கள் எண்ணெயிற் குளித்தபடி இயங்குகின்றன. பெரும்பாலும் மெதுவாகவும் சுற்றுகின்றன. ஒழுங்காகப் பேணினால் எஞ்சினைத் திறவாமலே 30,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய ஊர்திகள் உள. ஈரடிப்பின் முசலமும் வளையங்களும் அதனினும் விரைவிற் தேய்வன; கவனமுள்ளோர் 10,000 கிலோமீற்றர் அளவிலேயே அவற்றைத் திறந்து பார்ப்பர். எண்ணெய் போதாது போயினும், பெற்றோல் குறைந்து காற்று மிகுந்தாலும், முசலம் சூடேறி உருளையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். தீப்பொறி பிறக்கும் பிளக்கில் கரி படியும் தொல்லையும் பழைய ஈரடிப்பில் மிகுதி. சட்டைப்பையில் மாற்றுப் பிளக் இன்றி அக்காலத்தில் எவரும் நெடுந்தூரம் புறப்படுவதில்லை.

ஆனால் நம்பகத்துக்கு வேறொரு பொருளும் உண்டு. பழுதுற்ற இடத்திலேயே அதனைச் சீர்செய்து வீடு திரும்ப முடியுமா என்பதே அது. பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிரில் நாலடிப்பின் எண்ணெய் தடித்து, எஞ்சினைச் சுழற்றவே பெருவலு வேண்டும். அதே குளிரில் பற்றரியும் தளர்ந்துவிடும். நாலடிப்பு ஊர்திகள் பலவற்றில் இழுத்து இயக்கும் கயிறு இல்லை. பற்றரி செத்தால் ஊர்தியும் செத்ததே. ஈரடிப்பிலோ கயிற்றை இழுத்து இயக்கும் வசதி நெடுங்காலம் இருந்து வந்தது. தேய்ந்த முசலத்தை ஊரிலுள்ள ஒருவர் தம் கொட்டிலிலேயே ஒரு மாலையில் மாற்றிவிடலாம். நாலடிப்பின் வால்வுகளைச் சீர்செய்யத் தேர்ந்த கையும் தனிக் கருவிகளும் வேண்டும். ஆகவே, அரிதாகப் பழுதுறுவது ஒன்று. அடிக்கடி பழுதுறினும் எளிதில் திருந்துவது மற்றொன்று. இரண்டையும் நம்பகம் என்ற ஒரே சொல்லால் அழைப்பதனாலேயே வாதம் முடிவின்றி நடக்கின்றது.

மற்றொன்றையும் இங்கே சொல்லல் தகும். காட்டில் நின்றுபோகும் ஊர்திகள் எல்லாம் எஞ்சின் பழுதால் நிற்பவை அல்ல. எஞ்சினின் வலுவைப் பின்பட்டிக்குக் கொண்டுசெல்லும் றப்பர் வார் அறுவதும், தாங்குவிற்கள் முறிவதும், பனிக்கடியில் மறைந்த மரக்கட்டையிற் சறுக்குக் கட்டை மோதுவதும் இரண்டு வகைக்கும் பொதுவானவை. ஒரு மாற்று வார், சில சாவிகள், தீப்பெட்டி, ஒரு நாள் உணவு ஆகியவை இன்றிப் புறப்படுபவரை எந்த எஞ்சினும் காப்பாற்றாது.

செலவுக் கணக்கு இனி வருவது. மிதமான வலுவுள்ள நாலடிப்பு ஊர்தியின் விலை ஈரடிப்பின் விலைக்கு அண்மித்தே இருக்கும். பெருவலு வேண்டின் நாலடிப்பின் விலை வெகுவாக ஏறும். பெற்றோலைப் பொறுத்தவரை, 600 கன சென்ரிமீற்றர் அளவுள்ள சிறிய நாலடிப்பு ஒன்று 100 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 8 லீற்றரில் ஓடும் என்றும், அதே அளவுள்ள நேர்பீச்சு ஈரடிப்பு ஏறத்தாழ 11 லீற்றரில் ஓடும் என்றும் தயாரிப்பாளர் கூறினர். மாரிகாலத்தில் 3,000 கிலோமீற்றர் ஓடுபவர்க்கு முன்னதில் 240 லீற்றர், பின்னதில் 330 லீற்றர். வேற்றுமை 90 லீற்றர். பத்து மாரிகாலத்தில் 900 லீற்றர். எரிந்து போகும் எண்ணெயின் விலையையும் ஈரடிப்பின் கணக்கிற் சேர்க்கவேண்டும். நாலடிப்புக்கோ ஆண்டுக்கொரு முறை எண்ணெய் மாற்றினாற் பெரும்பாலும் போதும். எனினும் இவ்வொப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. அந்த நாலடிப்பின் வலு 60 குதிரைவலு அளவே. அந்த ஈரடிப்பின் வலுவோ அதன் இருமடங்கு. அரைவலுவோடு அமையக்கூடியவர்க்கே அச்சேமிப்பு உரியது. வருடத்திற் சில நூறு கிலோமீற்றர் மட்டும் ஓடுபவர்க்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

விலையும் பெற்றோலும் மட்டுமே செலவல்ல. கனடாவின் நுனாவுற் பிரதேசத்து ஊர்களுக்குத் தெருவழி இல்லை. பெற்றோலும் பாரப் பொருள்களும் கடல் உருகிய கோடையிற் கப்பலில் வருகின்றன. மாரியில் ஓர் உதிரிப் பாகம் வேண்டின் அது வானூர்தியில் வரவேண்டும். அங்கே சேமிக்கும் ஒவ்வொரு லீற்றரும் பெரிது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வேட்டையற்ற நாள். 2023இல் யமாஹா நிறுவனம் பனியூர்தித் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. எஞ்சின் எத்துணை உறுதியானதாயினும், பத்தாண்டு கழித்து அதற்குரிய பாகம் கிடைக்குமா என்று கேளாமல் வாங்குவது அறிவுடைமையன்று என்பதை அச்செய்தி நினைவூட்டியது.

செலவு ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றக்கூடும் என்பதற்குப் பின்லாந்தின் வடகோடி சான்றாகின்றது. அங்கே துருவமான் மந்தைகளை மேய்த்து வாழ்ந்த ஸ்கோல்ற் சாமி மக்களிடையே 1960களில் பனியூர்தி புகுந்தது. அதனைக் கூர்ந்து ஆராய்ந்த மானிடவியலறிஞர் பேர்ற்றி பெல்ரோ 1973இல் நூலொன்று வெளியிட்டார். துருவமான் இழுத்த சறுக்குவண்டிக்குத் தீனி நிலத்திலேயே கிடைத்தது. பனியூர்தியின் தீனியோ கடையிற் காசுக்கு வாங்கவேண்டியது. சில ஆண்டுகளுள் ஊர்தியின்றி மேய்ப்பது இயலாததாயிற்று. ஊர்தியைத் தாங்கும் அளவுக்கு மந்தை இல்லாத குடும்பங்கள் பல அத்தொழிலையே கைவிட்டன. நேரத்தை மிச்சப்படுத்திய அதே ஊர்தி, எளியோரின் கையிலிருந்து மந்தையையும் பறித்தது. ஆகவே லீற்றர்க் கணக்கும் தேய்மானக் கணக்கும் அற்பமானவை அல்ல.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் முடிவு ஒருவாறு தெளிவாகும். செப்பனிட்ட பாதையில் நெடுந்தூரம் ஓடுபவர்க்கும், பாரம் இழுத்து நாள்தோறும் வேலை செய்பவர்க்கும், திருத்தும் பட்டறை அண்மையில் உள்ளவர்க்கும் நாலடிப்பு ஏற்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் விலை வசூலாகும். ஆழ்ந்த பனியிலும் மலைச்சரிவிலும் செல்பவர்க்கும், தனித்துச் சென்று தம் கையாலேயே ஊர்தியை மீட்கவும் திருத்தவும் வேண்டியவர்க்கும் பாரங்குறைந்த ஈரடிப்பே துணை. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பது விடையில்லாத கேள்வி. எங்கே நின்றுபோனால், யார் வந்து உதவுவார் என்று கேட்பின் விடை தானே வரும்.

தம் குழந்தை இறந்து மூன்று ஆண்டுகளில் ஜோசப் ஆர்மன் பொம்பார்டியே பனிமேல் ஓடும் ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிறிய ஊர்தி உலகெங்கும் பரவத் தொடங்கிய வேளையில், 1964ஆம் ஆண்டில், அவர் காலமானார். அவர் முதலிற் பூட்டியது நாலடிப்பு. பின்னர் ஏற்றது ஈரடிப்பு. ஒன்றின்மேல் அவருக்குப் பற்றும் மற்றொன்றின்மேல் வெறுப்பும் இருந்ததாகத் தெரியவில்லை. பனி மூடிய தெருவைக் கடந்து நோயாளி வைத்தியசாலையை அடையவேண்டும். அடைந்தவர் வீடு திரும்பவேண்டும். அதற்கு உதவும் எஞ்சின் எதுவோ அதுவே நல்ல எஞ்சின்.